ஒன்பதாவது மாலை

அத்தியாயம் 14

விடிகாலையில் விளக்கேற்ற வளவுக்கு, வீட்டின் உள்முற்றத்துக்கு, வந்த சொர்ணவல்லி தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். குச்சி விரலைச் சுடும்வரை அணைக்கவில்லை.

எதிர்ச் சுவரில் அவள் புருஷன் முத்துராமன் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

மரப்பூ மாலை. வெள்ளைப் பூ, இடையிடையே பச்சை இலை, மேலே சந்தனம் பூசியது. மேற்குச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் எட்டுப் படங்களுக்கும் முந்தாநாள் போட்ட அதே மாதிரி மாலை. அந்த எட்டுப் பேரும் செத்துப்போனவர்கள்.

முத்துராமன் மலாயாவில் இருக்கிறான். நேற்று வரைக்கும் அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொக்கநாதன் செட்டியாரின் ஒரே மகன் முத்துராமன். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் ஈப்போவுக்குக் கப்பலேறினான். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. போய் மூன்று வருஷம் ஆகிறது. அங்கே காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு ஆட்கள் வந்து தோட்டத்துக்காரர்களைச் சுடுகிறார்கள் என்று இந்த ஐம்பத்தோராம் வருஷத்துப் பத்திரிகைகள் வாரம் தவறாமல் எழுதுகின்றன. மாசியில் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தபால் தாமதம் என்று மாமனார் சொன்னார். சொர்ணவல்லி நம்பினாள். நாத்தனார் காமாட்சிக்கு இன்னும் நான்கு நாளில் கல்யாணம். தபாலைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

மழை பொய்த்து இது மூன்றாவது வருஷம். திருமயம் பக்கம் மல்லிகைக் கொடியெல்லாம் விறகாகிவிட்டது. "வாடுற பூவுக்கு ஏன் அலையணும். மரத்துல செஞ்சு மாட்டிடுவோம். பத்து வருஷம் அப்படியே நிக்கும்" என்று செட்டியார் முடிவு செய்தார். ரங்கூனில் வியாபாரம் பார்த்த நாளில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்தாராம்.

கொடும்பாளூர் பக்கத்திலிருந்து நாகராசு ஆசாரி வந்தார். பங்குனி தொடங்கி வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து வேலை. வெப்பாலைக் கட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு இழைப்புளியால் காகிதக் கனத்துக்கு இழைப்பார். ஈரம் காய்வதற்குள் சுருளை மடித்து இதழாக்கி நாரால் கட்டுவார். சாயத்தில் முக்கி, நிழலில் உலர்த்தி, மெழுகு தேய்ப்பார். இப்போது தூணுக்குத் தூண் சிவப்புச் செம்பருத்தி. நிலைப்படிக்கு மேலே மஞ்சள் சாமந்திச் சரம். விளக்கு மாடத்தைச் சுற்றித் தாமரை. வீடு முழுக்கப் பூ. வாசனை மட்டும் மரக்கடை வாசனை.

கல்யாணப் பூவெல்லாம் சாயம் ஏறியது. வெள்ளை, செத்தவர்களுக்கு மட்டும்.

சொர்ணவல்லி இன்னொரு குச்சி கிழித்து விளக்கை ஏற்றினாள். வெளிச்சத்தில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. இல்லை. ஆசாரி தவறிப்போய் மாட்டியிருக்கலாம். அதற்கும் இடமில்லை. முத்துராமன் படத்துக்குப் பக்கத்திலேயே மாமனாரும் மாமியாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது. தவறு செய்கிற ஆள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் செய்திருப்பான். அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை.

முக்காலியைப் போட்டு ஏறினாள். முத்துராமன் படம் ஈப்போவில் எடுத்தது. இந்த வீட்டில் மற்ற சட்டமெல்லாம் நாலு மூலை உள்ளவை. இது ஒன்றுதான் முட்டை வடிவம். மாலை அந்த வளைவோடு வளைவாக, ஒரு விரல்கடை கூடாமல் குறையாமல் உட்கார்ந்திருந்தது. இந்தப் படத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது.

அவள் கழற்றினாள். கைக்கு ஒரு கனமும் இல்லை. முந்தானையில் சுருட்டிக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள். தகரப் பெட்டியைத் திறந்து, பட்டுச் சேலைக்கு அடியில் வைத்து, மூடி அதன்மேலே உட்கார்ந்துகொண்டாள்.

யாருக்கோ தெரிந்திருக்கிறது. தனக்குத் தெரியாத ஒன்று இந்த வீட்டில் யாருக்கோ தெரிந்திருக்கிறது.

*

மாமியார் முத்தாள் ஆச்சி அடுப்படியில் இட்லிக் கொப்பரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டி சொர்ணம், விளக்கேத்த இம்புட்டு நேரமா? நீ பினாங்குக்கே போயிட்டியோன்னு நெனைச்சேன்."

சொர்ணவல்லி அந்த முகத்தைப் பார்த்தாள். இதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. புருவத்துக்கு நடுவில், வாயோரத்தில், எங்கேயாவது ஒளித்துவைத்த விஷயம் தெரிகிறதா என்று பார்த்தாள். மாவு ஒட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

"என்னத்தடி அப்படிப் பாக்குற? எனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்கு?"

"இல்ல அயித்தை. மொகத்துல மாவு."

"ஒன் மொகத்துல ரத்தமே இல்ல. அதை மொதல்ல பாரு. காப்பியைக் குடி. நாலு நாள்ல கல்யாணம், இப்ப நீ படுத்துராத ஆத்தா. எனக்கு இன்னொரு மருமகளா இருக்கா?"

இவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் குரலில் பேச முடியாது. சொர்ணவல்லிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. ஒரு ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

பின்கட்டில் வேலைக்காரி காத்தாயி சாணி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"காத்தாயி, ஆசாரி எங்க?"

"விடியமுன்னேயே கெளம்பிட்டாரே ஆச்சி. ஒண்ணு மிச்சம் இருக்கு, மாட்டிட்டுப் போறேன், கதவைத் தெறன்னாரு. நான்தான் தெறந்து விட்டேன். முக்காலியத் தூக்கிட்டு உள்ள போனாரு, வந்தாரு, போயிட்டாரு." அவள் கையை உதறினாள். "ஏன், எதுவும் காணாமப் போச்சா?"

"இல்ல. ஊருக்கா போயிட்டாரு?"

"திருமயத்துல கொல்லன் பட்டறையில உளி தோய்க்கணும்னாரு. பதினோரு மணி பஸ்ஸுல போவாரு. அங்கிட்டுத்தான் இருப்பாரு."

சொர்ணவல்லி மாமியாரிடம் போய் நின்றாள். காமாட்சியின் ரவிக்கை நான்கும் திருமயம் தையல்காரரிடம் இருக்கின்றன, தானே போய் அளவு சரிபார்த்து வாங்கி வருகிறேன் என்றாள். பொய் இல்லை. ரவிக்கை அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

"போ. ராக்கனை வண்டி பூட்டச் சொல்லு, காத்தாயியைக் கூட்டிக்க" என்றார் முத்தாள் ஆச்சி. "ஆனா நாலு மணிக்குள்ள வந்துரணும். நாலரைக்குக் கழுத்துரு கோக்குறோம். ஒன் கைதான் மொதல்ல. ஞாபகம் இருக்கா?"

கழுத்துரு என்பது இவர்கள் கல்யாணத்தில் கட்டும் தாலி. தங்க உருப்படிகளை மஞ்சள் தோய்த்த நூலில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். முதல் உருப்படியைக் கோப்பது வீட்டு மருமகள் என்பது இந்த வீட்டு வழக்கம். சுமங்கலியாக இருக்கிற மருமகள்.

"ஞாபகம் இருக்கு அயித்தை."

வெளியே வரும்போது முகப்பில் சொக்கநாதன் செட்டியார் நின்றிருந்தார். கையில் பிரம்பு. ஒரு தூணில் செம்பருத்தி ஒன்று கோணலாக இருந்தது. பிரம்பு நுனியால் அதைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லா நாளும் அசைக்கிற மாதிரிதான் அசைத்தார்.

*

கொல்லன் பட்டறை திருமயம் கோட்டைப் பாறைக்குக் கீழே இருந்தது. வெயில் பாறையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. காத்தாயியைத் தையல் கடைக்கு அனுப்பிவிட்டு சொர்ணவல்லி தனியாக நடந்தாள். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நின்றாள். கேட்காமல் இருந்தால் தெரியாமல் இருக்கலாம். அப்படி எத்தனை நாள் இருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். பயத்தோடு இருப்பதற்கு அதுவும் ஒரு வழிதான். ஆனால் கால் நடந்துவிட்டது.

நாகராசு ஆசாரி புளியமரத்தடியில் சாக்குப்பைமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார்.

"வாங்க ஆச்சி. என்ன, எதுவும் கழண்டு விழுந்துருச்சா? விழ வழியில்லையே."

"விழலை. எல்லாம் நல்லா இருக்கு. கடைசியா ஒண்ணு மாட்டிட்டு வந்தீங்களாமே."

"ஆமா." அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? எப்படி உக்காந்திருக்கு? மத்த எட்டும் சின்னப்பிள்ளை வேலை. அது ஒண்ணுதான் இடுப்ப ஒடிச்சிருச்சு. வளைவுல இதழ் பிளக்கும். மூணு தரம் பிரிச்சுக் கட்டுனேன்."

"நல்லா உக்காந்திருக்கு" என்றாள். "யாரு செய்யச் சொன்னது அதை?"

"யாரு சொல்லுவா, செட்டியார்தான். மொதல்ல எட்டுப் படத்துக்கு அளவு நூல் குடுத்தாரு. நமக்கு அளவு நூல்தானே, அங்குலக் குச்சி, நம்பர் எல்லாம் வெள்ளைக்காரன் வேலை. பொறவு ஒருநாள் தனியா ஒரு நூலக் கொண்டாந்தாரு." பையைத் துழாவி ஒரு நூல் கற்றையை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. அதில் ஒன்றை உருவிக் காட்டினார். "இந்தா, இதான். அவரே முக்காலி போட்டு ஏறி அளந்தாருபோல. சுத்தமான அளவு."

சொர்ணவல்லி நூலைத் தொடவில்லை.

"எப்பக் குடுத்தாரு?"

"சித்திரை பொறந்து ரெண்டாம் நாளு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வருஷப் பொறப்புக்கு மாமியா வீட்டுக்குப் போயிட்டு வந்து உக்காந்தேன், வந்துட்டாரு. இதைக் கடைசியா செய்யி, செஞ்சு தனியாக் கட்டி என் கையில குடுன்னாரு."

"அவர் கையிலயா குடுக்கச் சொன்னாரு?"

ஆசாரி தலையைச் சொறிந்தார். "அப்படித்தான் சொன்னாரு. நேத்து முடிச்சப்ப அவரு இல்ல, சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தாரு. காலையில எந்திரிக்கவே இல்ல. செஞ்ச சாமானைக் கொட்டகையில மூட்டையாப் போட்டுட்டுப் போக மனசு வரல ஆச்சி. எங்க ஐயா காலத்துல இருந்து, செஞ்சதை எடத்துல மாட்டி, தள்ளி நின்னு ஒரு தரம் பாத்துட்டுத்தான் கெளம்பறது. படம் எதுன்னு எனக்குத் தெரியும், முட்டைச் சட்டம் ஒண்ணுதானே இருக்கு. மாட்டிட்டேன். அதுக்காகக் கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்ல. கோவிக்கலை."

"பாவம்" என்றார் ஆசாரி. "சின்ன வயசுப் பையன். மீசைகூட சரியா கட்டலை. எப்பத் தவறுனாரு?"

பட்டறைக்குள் சம்மட்டி விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. சொர்ணவல்லி எண்ணினாள்.

ஆசாரி அவள் நெற்றியைப் பார்த்தார். பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்குக் கொழுந்தனாருங்களா ஆச்சி?"

"ஆமா" என்றாள்.

*

வண்டி திரும்பியது. காத்தாயி ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கை ஒன்று நீளம், கை ஒன்று குட்டை, கடவுள் அந்த ஆளுக்கு எதற்குக் கண்ணைக் கொடுத்தான் என்றாள்.

சொர்ணவல்லி சித்திரை பிறந்து இரண்டாம் நாளை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குச் சமையல் வெண்டைக்காய் மண்டி. மாமனார் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள்தான் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் மண்டி கேட்டு வாங்கினார். அதற்கு முன்பா பின்பா நூலோடு முக்காலியில் ஏறினார் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஏழு வாரம். ஏழு வாரமாக அவள் தினமும் நெற்றிக்கு இட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

அவளுக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது மணி நான்காக இன்னும் கொஞ்சம் இருந்தது. வளவில் ஜமக்காளம் விரித்து, சொந்தக்காரப் பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சொர்ணவல்லி நேராக முகப்பை ஒட்டிய அறைக்குப் போனாள். செட்டியார் மேசையில் கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தினாள். மாமனார் இருக்கும் அறைக் கதவை அவள் சாத்தியது இதுதான் முதல் தடவை.

"மாலையை ஆசாரி மாட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள். "நான் கழட்டிப் பெட்டியில வச்சிருக்கேன்."

அவர் அடுக்குவதை நிறுத்தினார். பத்திரிகைக் கட்டின் ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினார்.

"வேற யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலை."

"நல்லது" என்றார். பிறகு, "உக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை.

செட்டியார் மேசை இழுப்பறையைத் திறந்து, இரண்டு புத்தகங்களுக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் எழுதியது. நெருக்கமான எழுத்து.

'...லாரியை மறித்து நாலு பேரையும் காட்டுக்குள் கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் மூன்று பேர் உடல் கிடைத்தது. அதில் முத்துராமன் இல்லை. சிப்பாய்கள் பத்து நாள் தேடினார்கள். இனித் தேடுவதில் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். ஊரில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்...'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"அவுக உடம்பு கிடைக்கலைன்னுதான் போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப மாலை எதுக்கு?"

"கடுதாசி வந்து ஏழு வாரம் ஆச்சு சொர்ணம். அந்த மாதிரிக் காட்டை எனக்குத் தெரியும். பர்மாவுல இருந்து நடந்து வந்தவன் நான்." குரல் உயரவில்லை. "ஆசாரி ஒருதரம்தான் வருவான். கூப்புட்டா மறுபடி வரமாட்டான். எல்லாம் ஒரே கையில, ஒரே மாதிரி இருக்கட்டும்னு நெனைச்சேன். காமாட்சி கல்யாணம் முடிஞ்சு, மூணாம் நாள் சொல்லலாம்னு இருந்தேன்."

ஒரு மனிதன் தன் மகளின் கல்யாணப் பூவையும் தன் மகனின் கடைசி மாலையையும் ஒரே ஆசாரியிடம், ஒரே வேலையாகச் சொல்லிவைத்திருக்கிறான். அதில் அவருக்கு எந்தக் கொடுமையும் தெரியவில்லை. வேலை சிக்கனமாக முடிய வேண்டும், அவ்வளவுதான். சொர்ணவல்லிக்கு அந்த நிமிஷத்தில் முத்துராமனை நினைத்து வந்த பயத்தைவிட இவரை நினைத்து வந்த பயம் பெரிதாக இருந்தது.

"அயித்தைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவ இருக்கமாட்டா. ஒனக்கும் எனக்கும் மட்டும்தான். வெளிய தெரிஞ்சா தீட்டு. கல்யாணம் நின்னா அந்த வீட்டுக்காரங்க காத்திருக்கமாட்டாங்க. காமாட்சிக்கு இது மூணாவது எடம், ஒனக்கே தெரியும்."

"அதுவரைக்கும் நான் பொட்டோட நிக்கணும்."

"நிக்கணும்." அவர் தொண்டையைச் செருமினார். முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினார். "கழுத்துரு கோக்குறது மட்டும் வேண்டாம். தூரம்னு சொல்லிடு. பங்காளி வீட்டுப் பொண்ணு யாராச்சும் கோக்கட்டும்."

மாதவிலக்கைக் குறிக்கும் அது, மாமனார் மருமகளிடம் சொல்கிற வார்த்தை அல்ல. அவர் அதை யோசித்து, தயாராக வைத்திருந்து சொன்னார். தன் மகளின் தாலியில் இவள் கை படக் கூடாது. அவர் மனதுக்குள் அவளை என்றைக்கோ வெள்ளைச் சேலை உடுத்தி மூலையில் உட்காரவைத்துவிட்டார்.

அவள் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். அது 'லாரியை' என்று பாதி வாக்கியத்தில் ஆரம்பித்தது. மேலே, வலது மூலையில், சின்னதாக இரண்டு என்று போட்டிருந்தது.

"மொதத் தாள் எங்க மாமா?"

செட்டியார் இழுப்பறையைச் சாத்தினார்.

"அதுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா குடுங்க."

"கல்யாணம் முடியட்டும்."

"அண்ணமிண்டி" என்று காமாட்சியின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது. அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அப்பாவை அப்பச்சி என்று. "நல்ல நேரம் வந்துருச்சாம். ஆத்தா கத்துது. அப்பச்சி, நீங்களும் வரணுமாம்."

*

வளவில் இருபது பெண்களுக்குமேல் இருந்தார்கள். நடுவில் பலகை. பலகையில் வெள்ளித் தட்டு. தட்டில் தங்க உருப்படிகள், பக்கத்தில் மஞ்சள் நூல். தூண்களில் சிவப்புப் பூ. ஒன்றுகூட வாடவில்லை. நான்கு நாள் கழித்தும் வாடாது.

"வாடி, வா" என்றார் முத்தாள் ஆச்சி. "திருமயத்துக்குப் போனவ சிங்கப்பூர் போய்ட்டு வந்த மாதிரி வாரா. உக்காரு."

சொர்ணவல்லி பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டே வார்த்தை போதும். எனக்குத் தூரம். எல்லாரும் ச்சொச்சொ என்பார்கள். மாமியார் நாலு திட்டு திட்டிவிட்டுப் பங்காளி வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவார். கல்யாணம் நடக்கும். காமாட்சி தப்பித்துவிடுவாள். யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால், அவன் செத்துவிட்டான் என்று முதலில் சொன்னவள் அவளாகிவிடுவாள். அது வெளியே யாருக்கும் கேட்காது. அவளுக்குக் கேட்கும்.

கோத்தால்? அவன் உண்மையிலேயே இல்லையென்றால், அந்தக் கையின் தோஷம் காமாட்சி கழுத்தில் ஏறும் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதை அவள் நம்பாதவள் இல்லை. எதிரே காமாட்சி உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. ரவிக்கையின் நீளக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

சொர்ணவல்லி உட்கார்ந்தாள்.

நூலை எடுத்தாள். நூல் நுனி இரண்டாகப் பிரிந்தது. எச்சில் தொட்டு முறுக்கினாள்.

"மொத மொத கோக்குறா, கை ஆடுது பாரு" என்றாள் ஒருத்தி. "இவ கழுத்துருவக் கோத்தப்ப இவ மாமியாளும் இப்படித்தான் ஆடுனா."

"நான் எப்ப ஆடுனேன்? அது கெழட்டுக் கண்ணு, தொளை தெரியல" என்றார் முத்தாள் ஆச்சி. எல்லாரும் சிரித்தார்கள். "சரி, சரி. மாமாவைக் கேளு."

கோக்குமுன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் சரி என்றபிறகுதான் முதல் உருப்படி நூலில் ஏறும். அது வெறும் சம்பிரதாயம். இந்த வீட்டில் இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சொக்கநாதன் செட்டியார் நிலைப்படியில் நின்றிருந்தார். தலைக்கு மேலே மஞ்சள் சாமந்திச் சரம்.

சொர்ணவல்லி தலையை நிமிர்த்தி நேராக அவரைப் பார்த்தாள். ஒரு கையில் நூல். இன்னொரு கையில் உருப்படி.

"மாமா, கோக்கட்டுமா?"

வளவில் சிரிப்பு அடங்கியது. எங்கேயோ ஒரு வளையல் சத்தம் கேட்டு நின்றது. செட்டியாரின் நெற்றியில் வேர்வை திரண்டு திருநீற்றுக்குள் ஓடியது. அவர் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கடைசியாக மருமகளின் விரல்களைப் பார்த்தார்.

"என்னங்க, வாய்ல கொழுக்கட்டையா?" என்றார் முத்தாள் ஆச்சி. "நேரம் போகுது."

"இரு" என்றார் செட்டியார். அப்படியே நின்றார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். சொர்ணவல்லி கண்ணை எடுக்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால் இப்போதே எல்லாம் உடையும். சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சொல்லிவிடக் கூடாதே என்றும் காத்திருந்தாள்.

"கோத்துடு" என்றார்.

உருப்படி நூலில் ஏறிக் கீழே சறுக்கி, அவள் உள்ளங்கையில் நின்றது. பெண்கள் குலவை இட்டார்கள்.

சொர்ணவல்லிக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மகன் செத்துவிட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு தகப்பன், இந்தக் கையை மகள் தாலியில் விடுவானா? விடமாட்டான். அப்படியென்றால் அவருக்கே நிச்சயமில்லை. அப்படி நிச்சயமில்லாமல் செய்கிற ஏதோ ஒன்று அந்த முதல் தாளில் இருக்கிறது. இல்லையென்றால், எல்லாம் தெரிந்துகொண்டே, இருபது பேருக்கு முன்னால் மானம் போகக் கூடாது என்பதற்காக விட்டிருக்கிறார்.

இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிலைப்படியைப் பார்த்தாள். அங்கே அவர் இல்லை. முகப்பு அறைக் கதவு உள்ளிருந்து தாழ்போடும் சத்தம் வந்தது.

"எங்க பாக்குற? கையைப் பாரு" என்று மாமியார் அடுத்த உருப்படியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.